எபோலாவின் இரண்டாவது கணக்கு: மேற்கு ஆப்பிரிக்கா 2014–2016, ஒரு நிகழ்வு ஆய்வு

சியரா லியோனின் கைலாஹூன் மாவட்டத்தில், கினி நாட்டு எல்லையை ஒட்டி, சொக்கோமா என்று ஒரு சிற்றூர். அங்கே பெயர்பெற்ற பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். 2014ஆம் ஆண்டின் முற்பகுதியில் வந்தவர்கள் காய்ச்சலோடும் வாந்தி பேதியோடும் வந்தார்கள். வைத்தியருக்கும் தொற்றியது, இறந்துபோனார். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் துக்கத்துக்குத் திரண்டார்கள். உடலைக் குளிப்பாட்டினார்கள், தொட்டு அழுதார்கள், அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த ஒரு சாவு வீட்டோடு தொடர்புடைய எபோலா மரணங்கள் 365 வரை இருக்கலாம் என்று உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகள் பின்னர் விசாரித்து மதிப்பிட்டார்கள்.

வந்தவர்கள் செய்தது உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். எபோலா காற்றில் மிதந்து வருகிற நோயல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, பேதி போன்ற உடல் நீர்கள் பட்டால்தான் தொற்றும். நோய் முற்ற முற்ற உடலில் வைரஸ் பெருகும். உயிர் பிரியும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பிரிந்த பிறகும் உடலில் தங்கும். ஆகவே யார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் முதல் ஆபத்து: தாய், மகள், மனைவி, நர்ஸ், இறந்தவரைக் கழுவிவிடும் மூதாட்டி. பாசம் போன வழியெல்லாம் நோயும் போயிற்று. தடுக்க வந்த அரசுகள் அந்த வழியையே அடைத்தன. வைரஸ் கொன்றவர்களின் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. வழியை அடைத்த விதத்தால் என்னென்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல் கணக்கு

கினியின் தென்கிழக்குக் காட்டுப் பகுதியில், கெக்கெடூ வட்டாரத்தைச் சேர்ந்த மெலியாண்டு கிராமத்தில் 2013 டிசம்பரில் ஒரு சின்னக் குழந்தை இறந்தது. நோயின் தொடக்கம் அதுதான் என்று பின்னோக்கித் தேடிப் போனவர்கள் கண்டார்கள். வௌவாலிடமிருந்து வந்திருக்கலாம் என்பது வலுவான ஊகம். அதற்கடுத்த மூன்று மாதம் நோய்க்குப் பெயரே இல்லை. மலேரியா, எலிகள் மூலம் பரவும் லாசா காய்ச்சல், காலரா எல்லாமே அங்கே சகஜம்; தொடக்கத்தில் எபோலாவும் அவற்றைப் போலவே இருக்கும். 2014 மார்ச் 23 அன்று உலகச் சுகாதார நிறுவனம் முதல் அறிவிப்பை வெளியிட்டது. சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்று. நிலைமை கைமீறிவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூன் மாதமே சொல்லியிருந்தது.

கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சேர்ந்து 28,600க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், 11,300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். லைபீரியாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,800 பேர், சியரா லியோனில் 3,956, கினியில் 2,500க்குச் சற்று மேல். மூன்று நாடுகளும் சந்திக்கும் முனையில் கிஸ்ஸி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். சந்தை ஒரு நாட்டில், பெண் கொடுத்த ஊர் இன்னொரு நாட்டில். அவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் இருக்கிற சங்கதி. நோயும் அப்படித்தான் நடந்துகொண்டது.

மருத்துவமனை காலியான கதை

கெனெமா அரசு மருத்துவமனையில் லாசா காய்ச்சல் பிரிவை நடத்திவந்தவர் டாக்டர் ஷேக் ஹுமார் கான். சியரா லியோனில் இந்த வகைக் காய்ச்சல்களை அவரளவு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. 2014 ஜூலை 29 அன்று எபோலாவிலேயே இறந்தார். அவருக்கு முன்னும் பின்னும் அதே மருத்துவமனையின் செவிலியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஊர்க்காரர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் போதும், பிறகு நடந்தவை எல்லாம் புரிந்துவிடும். நோயைத் தெரிந்த டாக்டரே தப்பவில்லை. உள்ளே போனவர்கள் பையில் கட்டப்பட்டு வெளியே வருகிறார்கள். அப்படியிருக்க அங்கே எதற்குப் போக வேண்டும்?

மூன்று நாடுகளிலும் 881 சுகாதாரப் பணியாளர்களுக்கு எபோலா உறுதியானது, 513 பேர் இறந்தார்கள். லைபீரியா தன் டாக்டர்கள், செவிலியர்கள், மருத்துவச்சிகளில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரை இழந்தது. சியரா லியோன் 7 சதவீதத்தினரை. 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள லைபீரியாவில் அதற்கு முன்பே சில டஜன் டாக்டர்கள்தான் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சதவீதத்தைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்: போனால் எபோலா வார்டில் போட்டுவிடுவார்கள், எபோலா இல்லாவிட்டாலும் அங்கே தொற்றிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கும் பயம்: வந்திருப்பது மலேரியாவா, எபோலாவா? பிரசவத்தில் இது இன்னும் கொடுமை. பிரசவம் என்றாலே இரத்தப்போக்கு. இரத்தப்போக்கு எபோலாவின் அறிகுறி. கையுறை போதாத ஓர் ஊரில், பாதி இரவில் இரத்தம் வழிய வந்து நிற்கும் பெண்ணை யார் தொடுவது? தொட மறுத்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலேயே பெற்றுக்கொள்ள முடிவெடுத்த தாயையும்தான்.

சியரா லியோனில் 2014–15இல் பேறுகாலச் சேவைகளைப் பெண்கள் நாடாமல் போனதால் கூடுதலாக நேர்ந்த தாய் இறப்பு, சிசு இறப்பு, வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தைகள் எல்லாம் சேர்ந்து 3,600 இருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே நாட்டில் எபோலாவே கொன்றவர்களின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நாடுகளிலும் மலேரியா, எச்ஐவி, காசநோய்க்குச் சிகிச்சை தடைபட்டதால் கூடுதலாக 10,600 பேர் இறந்திருக்கலாம் என்பது இன்னொரு மதிப்பீடு. இவை கணித மாதிரிகள் சொல்லும் எண்கள், தலையை எண்ணி எழுதியவை அல்ல. கொஞ்சம் முன்பின் இருக்கும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பயங்கரம்தான். தடுப்பூசிப் பணிகள் நின்றதன் விலையாகத் தட்டம்மையும் தலைதூக்கியது.

பிணங்களின் பிரச்சினை

இந்த நிகழ்வில் மிகக் கசப்பான பகுதி இதுதான், அதிகம் கற்றுக்கொள்ளத் தக்கதும் இதுதான்.

2014 ஆகஸ்டில் தலைநகர் மன்ரோவியாவில் இறப்பவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று லைபீரிய அரசு உத்தரவிட்டது. புதைக்க இடம் இல்லை, புதைத்த இடத்தில் ஊர்க்காரர்கள் தகராறு, மழைக்காலம் வேறு. நகருக்கு வெளியே பாய்ஸ் டவுனில் ஓர் எரிமேடை இருந்தது. அங்கே வாழும் இந்தியச் சமூகத்தார் தங்கள் தேவைக்காக வைத்திருந்தது அது. எரிப்பது பழகிய நமக்கு இதில் என்ன அதிர்ச்சி என்று தோன்றலாம். லைபீரியர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அடுத்து இஸ்லாமியர்கள். இரு தரப்பும் புதைப்பவர்கள். ஆண்டுதோறும் மார்ச் மாத இரண்டாவது புதன்கிழமை அங்கே அரசு விடுமுறை. குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைக்கும் நாள் அது. எரித்துவிட்டால் அந்த நாளில் எங்கே போய் நிற்பது?

விளைவு உடனே தெரிந்தது. நோயாளியைச் சிகிச்சை மையத்தில் விட்டால் உடல்கூடத் திரும்பக் கிடைக்காது என்றதும் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். இறந்தவரை இரவோடிரவாகப் புதைத்தார்கள். சடலம் எடுக்க வந்தவர்களுக்குக் கைக்கூலி கொடுத்து, எபோலா இல்லை என்று சான்றிதழ் வாங்கியதாகவும் செய்திகள் வந்தன. தொற்றைக் குறைக்கப் போட்ட உத்தரவு, தொற்றைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளியது.

எரிக்கும் வேலையைச் செய்தவர்கள் சில டஜன் இளைஞர்கள். ஏறத்தாழ 2,000 உடல்களை எரித்தார்கள். நோய் அடங்கிய பிறகு அவர்களை வீட்டிலும் சேர்க்கவில்லை, தெருவிலும் சேர்க்கவில்லை. ஊருக்காகச் செய்த வேலைக்கு ஊர் கொடுத்த கூலி. பிணமெடுக்கும் குழுக்களில் தொண்டு செய்த செஞ்சிலுவைச் சங்க இளைஞர்களுக்கும் பல இடங்களில் இதே கதிதான். கெனெமாவில் 2014 நவம்பரில் அடக்கக் குழுவினர் பல வாரமாக ஆபத்துப் படி வரவில்லை என்று வேலைநிறுத்தம் செய்து, சடலங்களை மருத்துவமனை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். செய்தி உலகம் முழுக்க ஓடி, எல்லாரும் அவர்களைத் திட்டினார்கள். படியை நிறுத்தி வைத்த மேசையைத் திட்டியவர்கள் குறைவு.

திருப்பம் 2014 கடைசியில் வந்தது. இமாம்கள், பாதிரியார்கள், செஞ்சிலுவைச் சங்கம் எல்லாரையும் கலந்து, பாதுகாப்பும் மரியாதையும் சேர்ந்த அடக்க முறை ஒன்றை உலகச் சுகாதார நிறுவனம் நவம்பரில் வெளியிட்டது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை அதில். கவச உடையைப் போடுவதற்கு முன் குடும்பத்தாரிடம் முகம் காட்டிப் பேச வேண்டும். துக்கம் சொல்ல வேண்டும். உடலைத் தொடாமல், தள்ளி நின்று பார்க்க விட வேண்டும். பிரார்த்தனைக்கு நேரம் தர வேண்டும். விருப்பமானால், இஸ்லாமியர் உடலைச் சுற்றும் கபன் துணி. குழிக்கு மேல் பெயர் இருக்க வேண்டும். லைபீரியாவில் டிசம்பரில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அரசு இடுகாடு திறந்தது, எரிப்பது நின்றது. எரிக்கப்பட்டவர்களின் சாம்பலும் 2015 மார்ச்சில், கல்லறை நாளையொட்டி, அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டது. பீப்பாய்களில், யாருடையது எது என்று பிரிக்க முடியாமல்.

கினியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கிஸ்ஸி கிராமத்தில் கர்ப்பிணி ஒருவர் இறந்தார். வயிற்றில் சிசுவோடு புதைத்தால் ஊருக்கே தீங்கு என்பது அவர்கள் நம்பிக்கை. சிசுவைப் பிரித்தெடுத்துத்தான் புதைப்பார்கள். எபோலாவில் அது தற்கொலைக்குச் சமம். சிசுவோடு புதைக்க ஊரார் விடவில்லை, பிரித்தெடுக்க மருத்துவக் குழு விடவில்லை. கேமரூனைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜூலியென் அனோகோ நடுவில் உட்கார்ந்து பேசினார். இப்படி ஒரு தவறு நேர்ந்தால் அதற்குப் பரிகாரம் உண்டா என்று பெரியவர்களைக் கேட்டார். உண்டு. அது தெரிந்த முதியவரைத் தேடிப் பிடித்தார்கள். பரிகாரச் செலவை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சடங்கு முடிந்தது, உடலை யாரும் அறுக்கவில்லை. இருபது ஒலிபெருக்கி வண்டிகளை ஊருக்குள் அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்காது.

பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கினியிலேயே சாட்சி உண்டு. 2014 செப்டம்பரில் என்செரேகோரே பகுதியின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வுக் குழு ஒன்று போனது. அதிகாரிகள், சுகாதாரப் பணியாளர்கள், செய்தியாளர்கள். நோயைக் கொண்டுவந்து பரப்புவதே இவர்கள்தான் என்ற வதந்தி ஊரில் முன்பே வேரூன்றியிருந்தது. எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். உடல்கள் பள்ளிக்கூடத்தின் கழிவுத் தொட்டியில் கிடைத்தன. பிறகு ராணுவம் வந்தது, ஊர் மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். காட்டுப் பகுதி மக்களுக்கும் தலைநகர் அரசுக்கும் நடுவே எபோலாவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்த பகை இது. வைரஸ் அதைக் கிளறிவிட்டது.

கம்பி வேலிக்குள் ஒரு சேரி

மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட், கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் திட்டில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு. அங்கே இருந்த பள்ளிக்கூடத்தை, ஊராரைக் கேட்காமல், நோயாளிகளைத் தங்க வைக்கும் இடமாக்கினார்கள். ஆகஸ்ட் 16 அன்று ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. நோயாளிகள் ஓடிவிட்டார்கள், புகுந்தவர்கள் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் விடியும்போது குடியிருப்பைச் சுற்றி முள்கம்பியும் ராணுவமும் நின்றன. 21 நாள் யாரும் வெளியேறக் கூடாது என்று உத்தரவு. அன்றன்று மீன் விற்று, சுமை தூக்கி, அன்றன்று அரிசி வாங்குகிறவர்கள் இவர்கள். அந்தப் பகுதி அதிகாரியின் குடும்பத்தை மட்டும் காவலோடு வெளியே கூட்டிப்போனதைப் பார்த்ததும் கூட்டம் கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் குண்டடிபட்ட 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அரிசி விலை ஏறியது. பத்தாம் நாள் அரசே வேலியைப் பிரித்தது. முற்றுகை நோயை நிறுத்தியதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

சியரா லியோன் வேறு மாதிரி செய்தது: 2014 செப்டம்பர் 19 முதல் 21 வரை நாடு முழுக்க ஊரடங்கு, வீடு வீடாகத் தொண்டர்கள். மாவட்டங்களுக்கே சீல். ஒரு வீட்டில் நோய் வந்தால் மொத்த வீட்டுக்கும் 21 நாள் காவல். சாப்பாடு வந்தால்தான் காவல் நிற்கும். சாப்பாடு வராத வீடுகளிலிருந்து ஆட்கள் நழுவினார்கள்.

பள்ளிக்கூடமும் சந்தையும்

மூன்று நாடுகளிலும் சுமார் 50 லட்சம் பிள்ளைகளுக்குப் பல மாதம் பள்ளிக்கூடம் இல்லை. கினியில் 2015 ஜனவரியிலும், லைபீரியாவில் பிப்ரவரியிலும், சியரா லியோனில் ஏப்ரலிலும்தான் திறந்தார்கள். வானொலிப் பாடம் நடந்தது. வானொலிப் பெட்டியும் பேட்டரியும் உள்ள வீட்டில் கேட்டார்கள். சியரா லியோனில் அந்தக் காலத்தில் 18,000க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்கள் கர்ப்பமானதாக ஐநா மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. பள்ளியும் இல்லை, வருமானமும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. பள்ளி திறந்தபோது அரசு செய்த காரியம், வயிறு தெரியும் பெண்கள் வகுப்புக்கு வரக் கூடாது என்று தடை விதித்தது. மற்றப் பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரியாம். இந்தத் தடை மனித உரிமை மீறல் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2020 மார்ச் கடைசியில் நீக்கினார்கள். எபோலா போய் நான்கு ஆண்டுக்குப் பிறகும் எபோலா கால உத்தரவு ஒன்று பெண்பிள்ளைகளை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தது.

வாரச்சந்தைகள் மூடப்பட்டன, எல்லைகள் அடைக்கப்பட்டன, விமானங்கள் வரவில்லை. எல்லை தாண்டி அரிசியும் பாமாயிலும் விற்ற பெண்களின் கைமுதல் கரைந்தது. 2015இல் மட்டும் மூன்று நாடுகளும் இழந்த உற்பத்தி 220 கோடி டாலர் என்று உலக வங்கி கணித்தது. அதே நேரத்தில் இரும்புத்தாது விலையும் சரிந்ததால், சியரா லியோனின் வீழ்ச்சி முழுவதையும் எபோலா தலையில் கட்டுவது சரியல்ல.

பிழைத்தவர்கள்

சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வருகிறவருக்குக் குளோரின் குளியல், புது உடை, நோய் இல்லை என்று ஒரு சான்றிதழ். வீட்டுக்குப் போனால் மெத்தை, பாத்திரம், துணி எல்லாம் எரிக்கப்பட்டிருக்கும். மூட்டு வலி, தலைவலி, கண் அழற்சி பல மாதம் தொடர்ந்தது. சிலருக்குப் பார்வையே போனது. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ, வளர்த்தவரையோ இழந்த பிள்ளைகள் 16,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோரை அநாதை விடுதிகளுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை, உறவினர் எடுத்துக்கொண்டார்கள். தொடுவதற்கே பயந்த காலத்தில் இது நடந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நோயை நிறுத்தியதிலும் இவர்களைப் போன்றவர்களின் பங்கை அறிக்கைகள் குறைத்தே எழுதுகின்றன. லைபீரியாவில் ஒரு நர்சிங் மாணவி, மருத்துவமனைகளில் இடம் இல்லாததால், நோயுற்ற நான்கு குடும்பத்தாரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டார். காலில் சாக்ஸ், அதன்மேல் குப்பைப் பை, அதன்மேல் ரப்பர் பூட்ஸ், அதன்மேல் இன்னொரு பை, தலையிலும் பை, கையில் அடுக்கடுக்காகக் கையுறை. மூன்று பேர் பிழைத்தார்கள், அவருக்குத் தொற்றவில்லை. சியரா லியோனில் கிராமத் தலைவர்கள் தாங்களே விதி போட்டார்கள்: வெளியூர் விருந்தாளி கூடாது, நோயை மறைத்தால் அபராதம். அமெரிக்க ராணுவம் லைபீரியாவில் 11 சிகிச்சை மையங்களைக் கட்டி முடித்தபோது நோய் வடிந்துவிட்டது. அவற்றில் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் மொத்தம் 28 பேர். உதவி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்து சேர்வதற்குள் ஊர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டன.

2021இல் திரும்பி வந்தது

2016 மார்ச் 29 அன்று அவசரநிலை விலக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 14 அன்று, கினியின் குவெக்கேயில் மறுபடியும் எபோலா என்று அறிவித்தார்கள். செவிலியர் ஒருவர் இறந்து, பிப்ரவரி 1 அன்று நடந்த அடக்கத்துக்குப் போனவர்கள் நோயுற்றார்கள். இந்த முறை தடுப்பூசி இருந்தது, பத்து நாளுக்குள் போடத் தொடங்கினார்கள். 23 பேருக்கு வந்து 12 பேர் இறந்த நிலையில் ஜூன் மாதம் முடிந்தது.

அந்த வைரஸின் மரபணுவைப் படித்தவர்கள் கண்டது, அது 2014ஆம் ஆண்டு வைரஸோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது என்பதை. வௌவாலிடமிருந்து புதிதாக வரவில்லை. பிழைத்த ஒருவர் உடலில் ஐந்தாண்டுக்கு மேல் ஒடுங்கிக் கிடந்து வெளிப்பட்டிருக்கிறது. ஆண்களின் விந்துவில் ஓராண்டுக்கு மேலும் வைரஸ் தங்கலாம் என்பது ஏற்கெனவே தெரியும். இவ்வளவு காலம் என்பது யாரும் எதிர்பாராதது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஏழு ஆண்டு போராடி அக்கம்பக்கத்தாரிடம் மறுபடி ஒட்டிக்கொண்டவர்களுக்கு, பழைய சந்தேகத்தைப் புதுப்பித்துத் தந்த செய்தி.

பிழைத்தவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று இப்போது எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. எப்படி என்பதில்தான் சிக்கல். விந்துப் பரிசோதனைக்கு மட்டும் கூப்பிட்டால், தன்னை எபோலாக்காரன் என்று ஊருக்குக் காட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். கண்ணுக்கும் மூட்டுக்கும் எல்லாருக்கும் சிகிச்சை கிடைக்கிற சாதாரண மருத்துவ நிலையத்தில், அதே டாக்டர், அதே வரிசை, செலவில்லாமல், பரிசோதனையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றால் வருவார்கள்.